ஒரு கைது, நாலு அலுவலகம்: சிகாகோவில் ஒரு பதிவைக் கடைசித் தாள் வரை தேடிப் போனபோது

2018 வசந்த காலம். சிகாகோவின் வடமேற்குப் பகுதியில் என் நண்பர் ஒருவர் தன் வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு விட ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம் என்று இருக்கும் பழைய செங்கல் வீடு. ஊர்க்காரர்கள் டூ-ஃப்ளாட் என்பார்கள். ஓர் இளைஞர் வந்து பார்த்தார், பிடித்துப்போயிற்று, முன்பணம் கொடுக்கவும் தயார். அன்றிரவு நண்பர் அந்தப் பெயரை இணையத்தில் தட்டிப் பார்த்தார். முதல் பக்கத்திலேயே ஒரு படம் வந்து நின்றது. சாம்பல் நிறச் சுவர், தூக்கமில்லாத கண்கள், கலைந்த தலை, கீழே ஒரே வரியில் ஒரு குற்றச்சாட்டு. கைதான தேதி நாலு வருடம் பழையது. "வேண்டாம்னு சொல்லிடட்டுமா?" என்று எனக்குச் செய்தி அனுப்பினார்.

அந்த வழக்கு கடைசியில் என்ன ஆனது என்பது மட்டும் அந்தப் பக்கத்தில் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள நாங்கள் இருவரும் ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருந்தது. அந்த அலைச்சலில் புரிந்ததையும், அடுத்த ஆண்டே அதே நகரத்தில் நாடே பார்த்துக்கொண்டிருக்க நடந்த இன்னொரு வழக்கையும் சேர்த்து வைத்து இதை எழுதுகிறேன். சிகாகோ மாதிரி ஒரு பெருநகரத்தில் ஒரே கைது நகரப் போலீஸ், ஜெயில், நீதிமன்றம், மாநிலப் போலீஸ் என்று நாலு அலுவலகங்களில் நாலு விதமாகக் கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனி ஆயுசு. படம் முதல் தாளோடு ஒட்டிக்கொண்டு அன்றைக்கே வெளியே வந்துவிடும். முடிவு கடைசித் தாளில் இருக்கும். தேடுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் தாளோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையான கவலை உண்டு.

போலீஸ் கையில் இருப்பது

சிகாகோ போலீஸின் காகிதங்களில் மூன்று எண்கள் திரும்பத் திரும்ப வரும். ஆர்.டி. எண் என்பது சம்பவத்துக்கு. நம்மூர் ஸ்டேஷனில் குற்ற எண் என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அது. சி.பி. எண் என்பது கைதுக்கு. 'சென்ட்ரல் புக்கிங்' என்பதன் சுருக்கம். ஐ.ஆர். எண் என்பது ஆளுக்கு. விரல்ரேகையோடு கட்டிய எண், ஆயுசுக்கும் மாறாது. ஒரே சண்டையில் இரண்டு பேரைப் பிடித்தால் ஆர்.டி. எண் ஒன்று, சி.பி. எண் இரண்டு. ஒரே ஆளை மூன்று முறை பிடித்தால் சி.பி. எண் மூன்று, ஐ.ஆர். எண் ஒன்றுதான். முதலில் இது குமாஸ்தா விவரம் போலத்தான் தெரியும். ஆனால் இருபத்தேழு லட்சம் பேர் வாழும் ஊரில் ஒரே பெயர் எத்தனையோ பேருக்கு இருக்கும். பெயரை வைத்துத் தேடினால் தப்பான ஆளிடம் போய் நிற்கலாம். சி.பி. எண் கையில் இருந்தால் அந்தத் தவறுக்கு இடமே இல்லை.

அடுத்து சட்டம். இல்லினாய்ஸ் மாநிலத்தின் தகவல் உரிமைச் சட்டத்தில், அங்கே எல்லோரும் 'ஃபோயா' என்று சொல்வது, கைதுக்கென்றே 2.15 என்று ஒரு பிரிவு இருக்கிறது. கைதானவரின் பெயர், வயது, முகவரி, படம் இருந்தால் படம், என்ன குற்றச்சாட்டு, எங்கே எப்போது பிடித்தார்கள், விசாரிக்கும் துறை எது: இவற்றைக் கைதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் கேட்பவருக்குக் கொடுத்தாக வேண்டும். விசாரணை கெடும், யாருக்காவது ஆபத்து வரும் என்றால் நிறுத்தி வைக்கலாம். இந்தப் பிரிவுக்கு வெளியே வழக்கமான ஃபோயா மனு என்றால் ஐந்து வேலை நாள். இன்னும் ஐந்து நாள் நீட்டிக்கலாம். மறுத்தால் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் இதற்கென்றே ஓர் ஆலோசகர் இருக்கிறார், அவரிடம் 60 நாளுக்குள் முறையிடலாம். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களின் பதிவுகளுக்கு இந்த வழி பொருந்தாது. அவை சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் மூடியே இருக்கும்.

நகரத்தின் திறந்த தரவுத் தளத்தில் 2001 முதல் பதிவான குற்றங்களும், 2014 முதல் நடந்த கைதுகளும் பட்டியலாக இருக்கின்றன. கைதுப் பட்டியலில் சி.பி. எண் உண்டு, தேதி உண்டு, இனம் உண்டு, குற்றப்பிரிவு உண்டு, பெயர் கிடையாது. எந்தப் பகுதியில் எதற்காக யாரை அதிகம் பிடிக்கிறார்கள் என்று கேட்பவருக்கு அது பொக்கிஷம். பக்கத்து வீட்டுக்காரரைத் தேடுகிறவருக்கு ஒன்றுமில்லை. பொதுமக்களுக்கு எதைத் திறப்பது, எதை மூடுவது என்று யோசித்துச் செய்த ஏற்பாடு இது என்றே நினைக்கிறேன்.

படத்துக்கு மட்டும் 2019 ஆகஸ்டில் ஒரு கடிவாளம் வந்தது. சின்னக் குற்றங்களில், அதாவது அபராதக் குற்றங்களும் பி, சி வகைச் சிறு குற்றங்களும், பிடிபட்டவரின் படத்தைப் போலீஸ் தன் சமூக வலைத்தளப் பக்கத்தில் போடக்கூடாது. காணாமல் போனவரையோ தேடப்படுபவரையோ கண்டுபிடிக்க உதவும் என்றால் மட்டும் விலக்கு. குடித்துவிட்டுத் தெருவில் சத்தம் போட்டவரின் முகம் மறுநாள் காலை ஊர் முழுக்கச் சிரிப்புக்கு ஆளான காலம் ஒன்று இருந்தது. அதை நிறுத்தத்தான் இது.

ஜெயில் பக்கம்: உள்ளே இருக்கும் வரைதான்

போலீஸ் நகரத்தினுடையது, ஜெயில் குக் கவுன்டியினுடையது, அதாவது சிகாகோ அடங்கிய மாவட்டத்தினுடையது. நடத்துபவர் ஷெரீஃப். 2006 முதல் டாம் டார்ட் அந்தப் பதவியில் இருக்கிறார். 26-ஆம் தெருவும் கலிஃபோர்னியா அவென்யூவும் சேரும் இடத்தில் கவுன்டி ஜெயிலும் அதை ஒட்டியே லைட்டன் குற்றவியல் நீதிமன்றமும் நிற்கின்றன. வக்கீல்கள், நிருபர்கள், கைதிகளின் அம்மாக்கள், எல்லோருக்கும் அது 'ட்வென்டி-சிக்ஸ்த் அண்ட் கேல்'.

ஷெரீஃப் அலுவலகத்தின் கைதி தேடல் பக்கத்தில் பெயரைப் போட்டால் படம், பதிவான தேதி, எந்தப் பிரிவில் அடைத்திருக்கிறார்கள், குற்றச்சாட்டு, அடுத்த வாய்தா எந்த நாள் எந்த அறை என்பது வரும். வெளியூரிலிருந்து சொந்தக்காரரைத் தேடும் குடும்பத்துக்கு இதைவிட உதவியான பக்கம் கிடையாது. ஆனால் ஆள் வெளியே போனதும் பக்கமும் போய்விடும். இன்றைக்கு யார் உள்ளே என்பதைத்தான் அது சொல்லும். நேற்று யார் இருந்தார் என்று சொல்லாது.

சரி, பெயர் வரவில்லை என்றால் கைதாகவில்லை என்று அர்த்தமா? இல்லை. பிடித்ததற்கும் ஜெயிலுக்கு அனுப்புவதற்கும் நடுவே ஒரு நாளோ அதற்கு மேலோ ஆள் ஸ்டேஷன் லாக்கப்பில் இருக்கலாம். வாரன்ட் இல்லாமல் பிடித்தவருக்கு 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் முகாந்திரம் பார்க்கப்பட வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-ல் வரையறுத்தது. அந்த இடைவெளியில் நகரத்தின் 22 போலீஸ் மாவட்டங்களில் எந்த ஸ்டேஷன் என்று கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பலரை நோட்டீஸ் கொடுத்து ஸ்டேஷனிலிருந்தே அனுப்பிவிடுவார்கள். ஜெயில் வாசலையே மிதிக்காதவர் ஜெயில் பக்கத்தில் எப்படி வருவார்? 2023 செப்டம்பர் 18 முதல் இல்லினாய்ஸில் பணம் கட்டி ஜாமீன் என்பதே கிடையாது. பழைய பதிவுகளில் ஜாமீன் தொகையைப் பார்த்துக் குற்றத்தின் கனத்தை எடைபோட்டவர்களுக்கு இப்போது அந்த அளவுகோலும் இல்லை.

இதைவிட மோசமாகவும் நடந்திருக்கிறது. மேற்குப் பகுதியில் பழைய சியர்ஸ் நிறுவனக் கிடங்கு இருந்த ஹோமன் சதுக்கத்தில் போலீஸ் ஒரு கட்டடம் வைத்திருக்கிறது. அங்கே கொண்டுபோகப்பட்டவர்களை வக்கீல்களாலும் குடும்பத்தாராலும் எந்தப் பதிவிலும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று 2015-ல் கார்டியன் நாளிதழ் எழுதியது. பதிவுகளைக் கேட்டு வழக்கும் போட்டது. சுமார் பத்தாண்டில் 7,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே வைக்கப்பட்டிருந்தது அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. கைதுப் பதிவு பொதுவில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். வேடிக்கை பார்ப்பதற்காக இந்தப் பதிவை யாரும் ஏற்படுத்தவில்லை. அரசு ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனால் எங்கே கொண்டுபோனது என்று ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அது பிறந்தது.

ஒரே வழக்கு, ஐந்து பதில்கள்

இனி அந்தப் பெரிய வழக்கு. நடிகர் ஜஸ்ஸி ஸ்மோலெட் 2019 ஜனவரி 29 அதிகாலையில் தன்னை இரண்டு பேர் இனவெறியோடு தாக்கியதாகப் போலீஸிடம் சொன்னார். பொய்ப் புகார் என்று போலீஸ் முடிவுகட்டி பிப்ரவரி 20 அன்று குற்றம் சாட்டியது. மறுநாள் விடியும் முன் அவர் சரணடைந்தார். படம் எடுத்தார்கள், அன்றைக்கே அந்தப் படம் உலகம் முழுக்கப் போய்விட்டது. அன்று பிற்பகலே நீதிபதி முன் நிறுத்தி ஒரு லட்சம் டாலர் ஜாமீன். சிகாகோவில் அப்போது 'டி-பாண்ட்' என்பார்கள்: பத்து சதவீதம் கட்டினால் போதும். பத்தாயிரம் டாலர் கட்டிவிட்டு வெளியே வந்தார். ஜெயில் பக்கத்தில் அவர் பதிவின் ஆயுள் சில மணி நேரம். படத்தின் ஆயுளுக்கு முடிவே இல்லை.

மார்ச் 8 அன்று கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குத் தொடர முகாந்திரம் உண்டா என்று பார்க்கும் குடிமக்கள் குழு, 16 குற்றச்சாட்டுகள் பதிந்தது. மார்ச் 26 காலை, யாரும் எதிர்பாராத நேரத்தில், அரசுத் தரப்பு அத்தனையையும் கைவிட்டது. அவர் கட்டிய பத்தாயிரத்தை நகரம் வைத்துக்கொள்ளும், கொஞ்சம் சமூக சேவை செய்திருக்கிறார், அவ்வளவுதான் என்றார்கள். அதோடு நீதிபதி ஸ்டீவன் வாட்கின்ஸ் கோப்பை முத்திரையிட்டு மூடினார். மூடிய கோப்பைப் பொதுமக்கள் யாரும் திறந்து பார்க்க முடியாது. ஆனால் மறுநாளே ஃபோயா மனுக்களுக்குப் பதிலாகப் போலீஸ் துறையிலிருந்து சில அறிக்கைகள் ஊடகங்களின் கைக்கு வந்துவிட்டன! நீதிமன்றக் கதவு பூட்டிக் கிடக்க, போலீஸ் ஜன்னல் திறந்திருந்தது. ஒரு கைது நாலு இடத்தில் கிடக்கிறது என்று சொன்னேனே, அதை இதைவிடக் கண்முன்னால் காட்டும் சம்பவம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

ஊடகங்கள் சேர்ந்து மனுப் போட்டன. மே 23 அன்று அதே நீதிபதி முத்திரையை அகற்றினார். நடிகரும் அவர் வக்கீல்களும் தொலைக்காட்சியில் தாங்களாகவே இந்த வழக்கைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அந்தரங்கம் காக்க விரும்புகிறவர் செய்யும் காரியம் அது இல்லை என்பது நீதிபதி சொன்ன காரணத்தின் சாரம். அந்த முடிவு சரி என்றே எனக்குப் படுகிறது. வழக்கு கைவிடப்பட்ட சாதாரண ஆளுக்கு மூடிய கோப்பு ஒரு பாதுகாப்பு. அரசு வக்கீல் ஏன் கைவிட்டார் என்று ஊரே கேட்கும்போது அதே மூடி அரசைப் பாதுகாக்கத் தொடங்கிவிடுகிறது. மே கடைசியில் போலீஸும் அரசு வக்கீல் அலுவலகமும் ஆயிரக்கணக்கான பக்கங்களை வெளியிட்டன. ஜூனில் மணிக்கணக்கான வீடியோவும் வந்தது.

கதை அதோடு முடியவில்லை. டான் வெப் என்ற சிறப்பு அரசு வக்கீல் நியமிக்கப்பட்டார். 2020 பிப்ரவரியில் ஆறு குற்றச்சாட்டுகளோடு புது வழக்கு. பெருங்குற்ற வழக்கு எண்ணில் முதலில் ஆண்டும் பிறகு சிஆர் என்ற எழுத்துகளும் வரும். பழைய வழக்கு எண் 19 சிஆர் என்று தொடங்கும். புதியது 20 சிஆர். 2021 டிசம்பர் 9 அன்று ஆறில் ஐந்தில் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. 2022 மார்ச் 10 அன்று 150 நாள் ஜெயில் என்று தண்டனை. உள்ளே போனபோது இரண்டாவது படம். மேல்முறையீடு நிலுவையில் இருந்ததால் ஆறு நாளில் வெளியே வந்தார். கடைசியாக 2024 நவம்பர் 21 அன்று இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தது. அரசு ஒரு உடன்பாடு செய்து, அவர் தன் பங்கை நிறைவேற்றிய பிறகு, அதே விஷயத்துக்கு மறுபடி வழக்குப் போடக்கூடாது என்பது காரணம். அவர் பொய் சொன்னாரா இல்லையா என்பது வேறு கேள்வி. நீதிமன்றம் அதைத் தொடவில்லை.

இப்போது தேடுகிறவராக இருந்து பாருங்கள். 2019 ஏப்ரலில் நீதிமன்றத்தில் கேட்டவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. அதே ஆண்டு ஜூனில் கேட்டவருக்கு 'கைவிடப்பட்டது'. 2020-ல் பழைய எண்ணை மட்டும் பார்த்தவருக்கும் 'கைவிடப்பட்டது'தான். புது எண்ணைப் பார்த்தவருக்கு 'நிலுவை'. 2022-ல் 'தண்டனை'. இன்றைக்கு 'ரத்து'. ஐந்துமே அந்தந்தத் தேதிக்கு உண்மையான பதில்கள். கைதுப் பதிவைப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் எந்தத் தேதியில், எந்த அலுவலகத்தில், எந்த எண்ணில் என்று நான் கேட்பது இதனால்தான். இரண்டு படங்களும் மட்டும் எடுத்த நாளில் இருந்த மாதிரியே இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

அடுத்த கட்டடத்தில் வேறு விதி

ஸ்மோலெட் சரணடைந்த மறுநாள், 2019 பிப்ரவரி 22, பாடகர் ஆர். கெல்லி அதே நகரத்தில் சரணடைந்தார். பத்துப் பாலியல் குற்றச்சாட்டுகள். மாநில வழக்கு என்பதால் படம் வெளியே வந்தது. அதே ஆண்டு ஜூலை 11 அன்று அவரை மறுபடி பிடித்தார்கள், இந்தத் தடவை மத்திய அரசு. வைத்தது நகர மையத்தில் முக்கோண வடிவில் நிற்கும் ஃபெடரல் சிறையில். கைது செய்யும்போது படம் எடுப்பது ஃபெடரல் மார்ஷல்கள். அவர்கள் வழக்கமாக அதை வெளியிடுவதில்லை. டெட்ராய்ட் நாளிதழ் ஒன்று தொடுத்த வழக்கில் 1996-ல் ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு 2016-ல் ஒன்பதுக்கு ஏழு என்று அதை மாற்றியது. ஒரு படம் இணையத்தில் ஏறினால் இருபது வருடம் முன்பு செய்தித்தாளில் வந்த படம் மாதிரி மறக்கப்படாது என்பதை அந்தத் தீர்ப்பு முகத்துக்கு நேராகப் பார்த்தது.

ஃபெடரல் வழக்கில் படம்தான் கிடைக்காது, காகிதம் நன்றாகவே கிடைக்கும். 'பேசர்' என்ற இணையச் சேவையில் பக்கத்துக்குப் பத்து சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் மூன்று டாலர், காலாண்டில் முப்பது டாலருக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. குற்றப்பத்திரிகை முதல் தீர்ப்பு வரை வீட்டிலிருந்தே படிக்கலாம். கெல்லியின் மாநில வழக்குகளை 2023 ஜனவரி இறுதியில் அரசு வக்கீல் கிம் ஃபாக்ஸ் கைவிட்டார்; ஏற்கெனவே புரூக்ளினிலும் சிகாகோவிலும் இரண்டு ஃபெடரல் நீதிமன்றங்களில் அவர் தண்டனைக்கு உள்ளாகியிருந்தார். குக் கவுன்டிக் கோப்பை மட்டும் புரட்டியவர் 'எல்லாம் கைவிடப்பட்டது' என்று நம்பி வீட்டுக்குப் போயிருப்பார். கடைசித் தாள் சில சமயம் வேறு கட்டடத்தில் இருக்கும்.

நான்காவது அலுவலகம் மாநிலப் போலீஸ். 1991-ல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டப்படி யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி இன்னொருவரின் தண்டனை விவரத்தைக் கேட்கலாம். பெயரை வைத்தும் கேட்கலாம், விரல்ரேகையை வைத்தும் கேட்கலாம். கிடைப்பது தண்டனை மட்டுமே. கைதாகி விடுதலையானது அதில் வராது. வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு உண்மையில் தேவைப்படுவது இவ்வளவுதான். இல்லினாய்ஸ் மனித உரிமைச் சட்டம் வேலை விஷயத்தில் வெறும் கைதைக் காரணம் காட்டுவதை வெகுநாளாகத் தடுக்கிறது. 2020 ஜனவரி முதல் வீட்டு வாடகைக்கும் அந்தத் தடை வந்துவிட்டது. என் நண்பர் அன்றைக்கு யோசித்த மாதிரியான மறுப்பைத் தடுக்க வந்ததுதான் அது.

26-ஆம் தெருவில் எங்கள் நாள்

மாநில நீதிமன்றக் கோப்பு விஷயத்தில் குக் கவுன்டி அப்போது ஒரு விசித்திரம். சொத்து வழக்கு, விவாகரத்து, போக்குவரத்து அபராதம் எல்லாம் வீட்டிலிருந்தே தேட முடிந்த காலத்திலும் குற்ற வழக்கு மட்டும் அப்படி இருக்கவில்லை. நீதிமன்றத்தில் போட்டிருக்கும் கணினி முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. நாங்கள் போனபோது லைட்டன் கட்டடத்துக்குள் கைப்பேசிக்கும் தடை. காரிலேயே வைத்துவிட்டு, ஒரு துண்டுச்சீட்டில் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதிக்கொண்டு போனோம். பிறந்த தேதி வாடகை விண்ணப்பத்தில் இருந்தது.

பெயரைத் தட்டியதும் நாலு பேர் வந்தார்கள். பிறந்த தேதி ஒருவருக்குத்தான் பொருந்தியது. ஆனால் அவர் பெயரில் சிஆர் என்று தொடங்கும் வழக்கு எதுவும் இல்லை. தப்பான ஆளா என்று நண்பர் முழித்தார். கவுன்டரில் இருந்த அம்மாள்தான் விளக்கினார்: பெருங்குற்றம் என்று பிடித்தாலும் வழக்கு முதலில் கீழ்நிலைக் கிளை நீதிமன்றத்துக்குத்தான் போகும். அங்கே முகாந்திரம் இருக்கிறது என்று நீதிபதி சொன்னாலோ, கிராண்ட் ஜூரி சொன்னாலோதான் சிஆர் எண் கிடைக்கும். அங்கேயே விழுந்துவிட்ட வழக்குக்குப் பழைய நீளமான எண்தான் மிச்சம். அந்த எண்ணை ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்தோம்; ஒரு மணி நேரம் கழித்து மெல்லிய கோப்பு ஒன்று வந்தது.

உள்ளே 'ஹாஃப் ஷீட்' என்று அங்கே சொல்லும் அரைத்தாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு தேதி முத்திரை, பக்கத்தில் அவசரக் கையெழுத்தில் சுருக்கெழுத்துகள். எஸ்.ஓ.எல். என்று இருந்தால் வழக்குப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது, வேண்டுமானால் அரசு மறுபடி எடுக்கலாம். நோலே என்றால் அரசே கைவிட்டது. இவருடைய தாளில் கடைசி வரி எஃப்.என்.பி.சி. முகாந்திரம் இல்லை என்று நீதிபதியே சொல்லிவிட்டார். முதல் முத்திரைக்கும் கடைசி முத்திரைக்கும் நடுவே மூன்று வாரம். மூன்று வாரத்தில் செத்துப்போன வழக்கு. நாலு வருடமாக உயிரோடு இருக்கும் படம்.

நண்பர் அன்று மாலையே அந்த இளைஞரைக் கூப்பிட்டு வீடு உங்களுக்குத்தான் என்றார். பார்த்ததையும் மறைக்காமல் சொன்னார். இதற்கு முன் இரண்டு இடங்களில் வீடு கைநழுவிப் போனதாகவும், ஏன் என்று யாரும் சொல்லவில்லை என்றும் அவர் சொன்னாராம்.

அந்தப் படம் எப்படி அங்கே போனது

கைதுப் படங்களை வைத்துக் காசு பார்க்கும் இணையதளக்காரர்கள் ஷெரீஃப்களின் தேடல் பக்கங்களைத் தினமும் ஒரு மென்பொருள் வைத்து வழித்தெடுப்பார்கள். படம், பெயர், குற்றச்சாட்டு. கவுன்டி தன் பக்கத்தை எடுத்துவிட்ட பிறகும் இவர்களிடம் நகல் இருக்கும். எடுக்கச் சொன்னால் பணம். 2013 அக்டோபரில் கூகுள் இத்தகைய தளங்களைத் தேடல் வரிசையில் கீழே தள்ள ஆரம்பித்தது. பணப் பரிமாற்ற நிறுவனங்கள் சில அவர்களோடு உறவை முறித்துக்கொண்டன. இல்லினாய்ஸ் நுகர்வோர் சட்டத்திலேயே, குற்றப் பதிவை எடுக்கவோ திருத்தவோ பணம் கேட்பது தவறு என்று பிரிவு இருக்கிறது. 2016-ல் சிகாகோ ஃபெடரல் நீதிமன்றத்தில் மக்‌ஷாட்ஸ்.காம் மீது வழக்கு வந்தது. 2018 மே மாதம் கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரல் சேவியர் பெசெரா அந்தத் தளத்தோடு தொடர்புடைய நாலு பேர் மீது மிரட்டிப் பணம் பறித்தல் உள்ளிட்ட குற்றச்சாட்டுகளைப் பதிந்தார். மூன்று ஆண்டில் நாடு முழுக்கச் சுமார் 5,700 பேரிடமிருந்து 24 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தார்கள் என்பது அரசுத் தரப்பின் கணக்கு. ஆளுக்கு நானூறு டாலருக்கு மேல் வருகிறது. தங்கள் முகத்தையே காசு கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள்.

சில ஊர்கள் ஊற்றுக்கண்ணையே அடைத்துவிட்டன. நியூயார்க் மாநிலம் 2019-ல், விசாரணைக்குத் தேவை என்றால் ஒழிய, கைதுப் படத்தையும் பதிவு விவரத்தையும் வெளியிடுவது அந்தரங்க மீறல் என்று சட்டத்தைத் திருத்தியது. சான் ஃபிரான்சிஸ்கோ போலீஸ் தலைவர் வில்லியம் ஸ்காட் 2020 ஜூலையில், மக்களுக்கு உடனடி ஆபத்து இருந்தாலன்றிப் படம் தருவதில்லை என்று அறிவித்தார். படம் விஷயத்தில் நான் இவர்கள் பக்கம். பெயரும் இடமும் குற்றச்சாட்டும் திறந்தே இருக்கட்டும். ஹோமன் சதுக்கம் மாதிரி இன்னொன்று நடக்காமல் இருக்க அது போதும். முகம் எதற்கு?

எங்கள் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த இளைஞர் அடுத்த ஆண்டு தெற்கு மிச்சிகன் அவென்யூவில் இருக்கும் போலீஸ் தலைமையகத்துக்குப் போய் விரல்ரேகை கொடுத்துத் தன் சொந்தப் பதிவின் நகலை வாங்கினார். தண்டனை இல்லாமல் முடிந்த கைதைப் பதிவேட்டிலிருந்தே அழிக்க இல்லினாய்ஸ் சட்டம் இடம் தருகிறது. டேலி சென்டர் நீதிமன்றக் கட்டடத்தில் மனுப் போட்டார். போலீஸும் அரசு வக்கீலும் ஆட்சேபிக்க 60 நாள் அவகாசம், யாரும் ஆட்சேபிக்கவில்லை. உத்தரவு வந்த பிறகு அதை நிறைவேற்ற இன்னொரு 60 நாள். படம் போட்ட தளத்துக்கு உத்தரவின் நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். பதில் வரவில்லை, சில மாதம் கழித்து அந்தப் பக்கம் இல்லாமல் போயிருந்தது.

வேறொரு வேலையாக நான் மறுபடி 26-ஆம் தெருவுக்குப் போனபோது, அந்தக் கணினியில் அதே பெயரைத் தட்டிப் பார்த்தேன். மூன்று பேர் வந்தார்கள்.